ஒரு சினிமாப் பைத்தியத்தின் அபிப்பிராயங்கள்

சகோதரிகளே, முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு சினிமாப் பைத்தியம். சிறு வயதில் இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும். இப்போது எழுபது வயதைத் தாண்டியாகிவிட்டது. இனி யார் என்னை அடிக்கப் போகிறார்கள்?

ஆகையால் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லப் போகிறேன். உங்களுக்குப் பிடித்த படத்தைக் குறை சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் குறை சொல்லுகிற படங்களுக்கெல்லாம் உங்களைப் போலவே முந்தானை நனைய அழுதவள்தான் நானும்.

எங்கள் ஊர் வடகரை. தென்காசிப் பக்கம், மலையின் காலடியில் இருக்கிறது. ஒரு பக்கம் பண்பொழித் திருமலைக் கோயில். மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் மலையாள தேசம். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்க ஓடி வருவார்கள். எங்கள் வீட்டிலோ சாரல் என்றால் வேறு கவலை. கொட்டகையில் இன்றைக்குப் படம் போடுவார்களா, மாட்டார்களா?

டூரிங் கொட்டகையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ, என்னவோ! மேலே கீற்று, கீழே மணல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் படம் நன்றாகத் தெரியும். பின்னால் இருப்பவளின் வசவும் நன்றாகக் கேட்கும். ஒரே ஒரு புரொஜெக்டர் ஆனபடியால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள். கதாநாயகியோடு சேர்ந்து அழுதுகொண்டிருப்போம். விளக்கு வந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு முறுக்கு வாங்குவோம். விளக்கு அணைந்ததும் மறுபடி அழுவோம்.

என்னை அங்கே அழைத்துப் போனவள் என் அத்தை; அப்பாவின் தங்கை. கல்யாணமான நாலாம் வருஷம் ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். மாமா வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். குழந்தையும் இல்லை. "பாவம், சினிமாவாவது பார்த்துவிட்டு வரட்டும்" என்று தாத்தா அரை மனதாகச் சம்மதிப்பார். துணைக்கு நான் போவேன். எனக்கு அத்தை துணையா, அத்தைக்கு நான் துணையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

'கணவனே கண்கண்ட தெய்வம்' 1955-இல் வந்த படம். எங்கள் கொட்டகைக்குச் சில வருஷம் கழித்து வந்தது. அஞ்சலிதேவி, ஜெமினி கணேசன். கணவன் கூனனாகிவிடுகிறான். அவனுக்காக அவள் படாத பாடு இல்லை. பெண்கள் பக்கம் முழுவதும் விம்மல். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும்போது அத்தை என் காதோடு சொன்னாள்: "தெய்வம் கூனனா இருந்தாலும் கும்பிடலாம். அடுத்த தெருவிலே வேற குடித்தனம் வச்சிருந்தா எப்படிளா கும்பிடுதது?"

எனக்கு அப்போது அது புரியவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது. இப்போது அந்தப் படத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், பாட்டும் மாயாஜாலமும் பிரமாதம், தலைப்பை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பேன்.

அத்தைக்கென்று ஒரு தெய்வம் உண்டு. அது கே. பி. சுந்தராம்பாள். அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்தவர்தானே எஸ். ஜி. கிட்டப்பா! நாடக மேடையில் அவர் குரலைக் கேட்டு மயங்கியவர்களின் கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அலுக்காமல் சொல்லுவார்கள். 1933-இல், முப்பது வயதுகூட ஆகாமல் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்றைக்கு வெள்ளைப் புடவை உடுத்தியவர், 1980-இல் கண்ணை மூடும் வரை அதை மாற்றவில்லை.

ஆனால் அந்த அம்மாள் மூலையில் உட்காரவில்லை, பாருங்கள்! 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேஷம் கட்டி நந்தனாராகவே நடித்தார். அதற்கு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து லட்சம்! 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்'. பிறகு 1964-இல் 'பூம்புகார்', 1965-இல் 'திருவிளையாடல்'.

'ஔவையார்' நல்ல படம். இருந்தாலும் அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கல்யாணம் வேண்டாம் என்கிற ஒரு பெண், பிள்ளையாரிடம் அழுது முறையிட்டுக் கிழவியாக மாறினால்தான் ஊர் அவளைச் சும்மா விடுகிறது. அத்தைக்கு இந்தக் குறை தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் நிமிர்ந்து நடந்த அந்த வெள்ளைப் புடவைதான். "ராஜாக்கள் எல்லாம் கைகட்டி நிக்கான், பாத்தியா!" என்பாள்.

இனி ஸ்ரீதர் படங்களுக்கு வருகிறேன். 'கல்யாண பரிசு' 1959-இல் வந்தது. அக்காளுக்காகத் தன் காதலை வாய் திறக்காமல் விட்டுக்கொடுக்கிறாள் தங்கை சரோஜாதேவி. அக்காள் விஜயகுமாரிக்கு உண்மை தெரிகிறது, கடைசியில் செத்துப்போகிறாள். காதலன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேடி வருவதற்குள் தங்கைக்கு வேறொருவனோடு தாலி ஏறிவிடுகிறது. குழந்தையையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஐயோ, அன்றைக்கு நான் அழுத அழுகை! ஆனால் என் உண்மையான அபிப்பிராயம் என்ன தெரியுமா? அந்தத் தங்கை முதல் நாளே "அக்கா, நான் அவரை விரும்புகிறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் மூன்று பேரின் வாழ்வு தப்பித்திருக்கும். அந்தப் படத்தில் இன்றைக்கும் வாடாமல் இருப்பது, மன்னார் அண்டு கம்பெனியில் உத்தியோகம் என்று புளுகுகிற தங்கவேலுதான்.

'பாசமலர்' 1961. சிவாஜியும் சாவித்திரியும் கைகோத்துக்கொண்டே உயிரை விடுவார்கள். அதைக் குறை சொன்னால் என் தம்பியே என்னோடு பேசமாட்டான். இருவரும் நடிக்கவில்லை, வாழ்ந்துவிட்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலும் அதே கதைதான். குடும்பத்துக்குள் நடக்கிற சூதை நாலு பேர் நடுவில் ஒருவரும் உடைத்துச் சொல்வதில்லை. சாவு வந்துதான் சமாதானம் செய்துவைக்கிறது.

1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரி ஸெட்டுக்குள்ளேயே எடுத்த படம். எடுத்த விதத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். நோயாளிக் கணவன் முத்துராமன், மனைவி தேவிகா, வைத்தியம் பார்க்கும் டாக்டர் கல்யாண்குமார் அவளுடைய பழைய காதலர். "நான் இறந்தால் நீ இவரை மணந்துகொள்" என்று கணவனே சொல்கிறான். எங்கள் கொட்டகையில் ஒரு கிழவி "அட பாவி!" என்று சத்தம் போட்டாள். ஆபரேஷன் ஜெயித்துக் கணவன் பிழைக்கிறான். டாக்டர் செத்துப்போகிறார். எல்லோரும் நிம்மதியாக அழுதோம்.

அந்தப் படம் எங்கள் பக்கம் வந்த வாரத்தில்தான், மாமா வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் வெற்றிலைத் தட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். "நடந்தது நடந்துபோச்சு. அவளும் ஒரு பக்கம் இருக்கட்டும், இவளும் ஒரு பக்கம் இருக்கட்டும். பெண் என்றால் பொறுத்துத்தான் போகணும்" என்றார்கள். இரண்டாவது கல்யாணம் செல்லாது என்று 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் சொல்லியாகிவிட்டது. பிரிந்து வாழவும் விவாகரத்துப் பெறவும் அதே சட்டம் வழி செய்திருந்தது. ஆனால் அது எங்கள் தெருவரைக்கும் வந்து சேரவில்லை. தாத்தா தலையைக் குனிந்துகொண்டு, "அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டார்.

அத்தை அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றவள், நிலைப்படிக்கு வந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. படத்திலேதான் யாராவது செத்தா வழி பிறக்குது. எனக்காக ஒருத்தரும் சாக வேண்டாம். அவரும் நல்லா இருக்கட்டும், அவளும் நல்லா இருக்கட்டும். நான் அங்கே வரலை. அப்பா, எனக்கு ஒரு தையல் மெஷின் மட்டும் வாங்கித் தாங்க."

திண்ணையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனார்கள். தாத்தா ஒரு மாதம் அத்தையோடு பேசவில்லை. அதற்கடுத்த மாதம் தென்காசியிலிருந்து வண்டியில் தையல் மெஷின் வந்து இறங்கியது. அன்று முதல் எங்கள் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவள் அத்தைதான். எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியதும் அந்த மெஷின்தான்.

எல்லாப் படங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 1954-இல் ஏவி.எம்.முக்காக வீணை எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக் கிடையாது, ஒரு நடனம் கிடையாது. தேசத்தைக் காட்டிக்கொடுக்கிற கணவன் சிவாஜியை எதிர்த்து நிற்கிறாள் மனைவி பண்டரிபாய். அந்தக் காலத்திலேயே கணவனை எடைபோட்டுப் பார்க்கிற ஒரு மனைவி! பாட்டு இல்லையென்று கொட்டகையில் முணுமுணுத்தார்கள். எனக்கு அது இன்றைக்கும் முதல் வரிசைப் படம்.

பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974-இல் வந்தபோது நான் கல்யாணமாகி வந்திருந்தேன். வேலைக்குப் போய்க் குடும்பத்தைச் சுமக்கிற சுஜாதாவைப் பார்த்து அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். கடைசியில் அவளுடைய அண்ணன் கொலையாகி, அவள் மறுபடியும் வேலைக்கே புறப்படுகிறாள். "இதிலும் ஒரு சாவா!" என்று மட்டும் சொன்னாள்.

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-இல் வந்த படம். நாங்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அர்ச்சனா சின்னதாக ஒரு வீடு கட்டப் பாடுபடுகிறாள், அவ்வளவுதான் கதை. அதிலும் தாத்தா இறக்கிறார். ஆனால் அந்தச் சாவு எந்தச் சிக்கலையும் தீர்த்துவைப்பதில்லை. கட்டிய நிலத்துக்கே வில்லங்கம் வருகிறது, வீடும் முடியவில்லை. "வீடு முடியாட்டா என்ன? அவ நிக்காளே, அது போதும்" என்றாள் அத்தை. அவளிடமிருந்து ஒரு படம் வாங்கிய மிகப் பெரிய பரிசு அதுதான்.

இத்தனை பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1996-இல், சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், என் மகள் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். "அம்மா, இனி அங்கே என்னால் இருக்க முடியாது" என்றாள். கன்னத்தில் அடி விழுந்த தடம் இருந்தது. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு, "பொறுமையாய் இரு கண்ணு. பெண்ணுக்குப் பொறுமைதான் நகை. எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுத்தது. நன்றாகப் பேசிவிட்டோம் என்றுகூடத் தோன்றியது.

மெஷினருகே உட்கார்ந்திருந்த அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏளா, இது எந்தப் படத்து வசனம்?"

எனக்குச் சுருக்கென்றது. நினைத்துப் பார்த்தேன். அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. எத்தனையோ ராத்திரி மணலில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, எனக்குள்ளே ஊறிப்போன வார்த்தைகள். வலிக்கிற பெண்ணைப் பார்த்ததும், வாய் தானாக அவற்றைச் சொல்லிவிட்டது. மகளின் கன்னத்தைப் பார்ப்பதற்கு முன் நான் வசனத்தைப் பார்த்துவிட்டேன்.

பெட்டியை உள்ளே கொண்டு வைத்தேன். பிறகு நடந்தது ஒன்றும் சினிமா இல்லை. கோர்ட்டு, வாய்தா, உறவினர் பேச்சு எல்லாம் உண்டு. மகள் விட்ட படிப்பைத் தொடர்ந்து படித்தாள். பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். வில்லன் திருந்தவும் இல்லை, சாகவும் இல்லை. அவன் எங்கோ சௌக்கியமாக இருக்கிறான். இவளும் இங்கே சௌக்கியமாக இருக்கிறாள்.

அத்தை இப்போது இல்லை. மெஷின் இருக்கிறது. கொட்டகை நின்ற இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. பேத்தி கைப்போனில் 'கல்யாண பரிசு' போட்டுக் காட்டுகிறாள். தங்கவேலு வரும் இடத்தில் இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். சரோஜாதேவி அழுகிற இடம் வந்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்குகிறது. "எதுக்கு ஆச்சி அழுதீங்க? அவங்க வாயைத் திறந்து சொன்னா முடிஞ்சது!" என்கிறாள் பேத்தி.

நீங்களும் தாராளமாகச் சினிமாப் பாருங்கள், சகோதரிகளே. அழுகை வந்தால் அழுங்கள்; அது காசு கொடுத்து வாங்கிய அழுகை, வீணாக்கக் கூடாது. ஆனால் வீட்டு வாசலில் ஒருத்தி பெட்டியோடு வந்து நின்றால், வாயைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் என் அத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்தச் சினிமாப் பைத்தியத்தின் கடைசி அபிப்பிராயம்.