பெயர் படத்தோடு இருக்கட்டும்

வீட்டுப் படங்களை அடுக்கி வைக்க எந்த மென்பொருள் நல்லது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதை எடுத்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் எழுதும் பெயர்களும் குறிப்புகளும் எங்கே சேமிக்கப்படுகின்றன? பிகாசா என்ற பட மென்பொருளையே கூகுள் 2016-இல் நிறுத்திவிட்டது. எந்த மென்பொருளும் ஒருநாள் நிற்கலாம்.

நான் டிஜிகேம் பயன்படுத்துகிறேன். இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், குறிச்சொற்களைப் படக் கோப்பிலேயே எழுதும்படி டிக் செய்துவிடுங்கள். ஆச்சியின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து, நிற்பவர்களின் பெயர், உறவுமுறை, ஊர் எல்லாவற்றையும் தமிழிலேயே ஏற்றினேன். இனி அந்தப் படம் யார் கணினிக்குப் போனாலும் விவரமும் கூடவே போகும்.

கேமரா தரும் ரா (RAW) கோப்புகளைத் திருத்த டார்க்டேபிள் வைத்திருக்கிறேன். அது மூலப்படத்தைத் தொடாது. செய்த மாற்றங்களைப் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள், மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் வசதியை இன்றே இயக்கிவிடுங்கள்.

மென்பொருளை அப்புறம்கூட மாற்றிக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார் என்று கேட்டு எழுதுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.