ஏற்கெனவே பசுமையாகப் பயணிப்பவர்கள்

சென்னையின் போக்குவரத்தைப் பற்றி எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: கார் வைத்திருப்பவரை பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் எப்படி வரவழைப்பது? நெரிசல் குறைய வேண்டும், புகை குறைய வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கேள்வியிலேயே ஒருவர் விடுபட்டுப் போகிறார். கார் வாங்கவே முடியாதவர். தினமும் நடந்தும் பஸ் ஏறியும் வேலைக்குப் போகிறவர். இந்த நகரத்தில் மிகக் குறைவாகப் புகை விடும் பயணி அவர்தான். அவரை யாரும் வரவழைக்க வேண்டியதில்லை. அதனாலேயே அவருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றும் ஆகிவிடுகிறது.

போக்குவரத்துத் திட்டமிடும் நிபுணர்கள் இவருக்கு 'கேப்டிவ் ரைடர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாத பயணி என்று பொருள். அவருக்கு ஏன் வேறு வழியில்லாமல் போனது என்று அந்தச் சொல் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

2000ஆம் ஆண்டு தொடங்கி கூவம் கரையிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். குடியேற்றப்பட்டவர்களில் பெரும் பகுதி தலித்துகள். சொல்லப்பட்ட காரணம் ஆற்றைக் காப்பது, வெள்ளத்தைத் தடுப்பது. அதாவது சுற்றுச்சூழல். கொண்டுபோய் விட்ட இடமோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரம். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது.

என் வேலையில் இப்படி ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு வாரம் இரண்டு நாளாவது போவேன். அங்கே மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறார். ஆற்றோரம் இருந்தவரை வேலைக்குப் பத்து நிமிட நடை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போவார், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். இப்போது அஞ்சரைக்கே கிளம்புகிறார். இரண்டு பஸ். திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது. மூன்று வீடு இரண்டு வீடானது. "வீடு கொடுத்தாங்க, நாளை எடுத்துக்கிட்டாங்க" என்றார். அவர் மகன் தவணையில் ஒரு பைக் வாங்கியிருக்கிறான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வர அவனுக்கு வேறு வழியில்லை.

இதைக் கணக்காகப் பாருங்கள். நடந்து வேலைக்குப் போன குடும்பத்தை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் பயணிக்கும் குடும்பமாக மாற்றியது யார்? சுற்றுச்சூழல் பெயரால் வெளியேற்றி, சாலையில் புதிய வண்டிகளைச் சேர்த்திருக்கிறோம். பிறகு நெரிசலைக் குறைக்கக் கருத்தரங்கு நடத்துகிறோம். வேலைக்குப் பக்கத்தில் வீடு என்பதைவிடப் பெரிய போக்குவரத்துத் திட்டம் கிடையாது. குடியிருப்பு உரிமையும் போக்குவரத்துக் கொள்கையும் வேறுவேறு துறைகளின் கோப்புகளாக இருப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாக ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை அவர்களுக்கான வசதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. இந்திய நகரங்களில் முன்னோடியான முடிவு அது. அதன் காட்சிப் பொருள் தியாகராய நகரின் பாண்டி பஜார். 2019 நவம்பரில் அகலமான நடைபாதையுடன் திறக்கப்பட்டது. நல்ல நடைபாதைதான், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சியில் இருக்கிறது. நகரத்திலிருந்து மக்களை எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு, எல்லைக்குள் இருப்பவர்களுக்கு நடைபாதைக் கொள்கை எழுதியிருக்கிறோம்.

பாண்டி பஜாரின் முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. அங்கே கடை பார்க்கப் போகும் எத்தனை பேருக்கு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரைத் தெரியும்? 1920களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் அவர். தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த காலம். ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டார். அதே காலத்தில்தான், 1929இல், சாலிஸ்கானில் அம்பேத்கரை ஏற்றிச் செல்ல குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டி ஓட்டிப் பழகாத ஒருவர் ஓட்டி, அம்பேத்கர் விழுந்து கால் முறிந்தது. போக்குவரத்து நமக்கு வெறும் வசதியாக என்றைக்கும் இருந்ததில்லை.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கவிருந்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் நடந்தது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. இன்று நம் பஸ்களில் எந்தத் தலைவர் பெயரும் இல்லாததற்குக் காரணம் சாதி.

இந்தப் பின்னணியில்தான் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை நான் பார்க்கிறேன். 2021 மே மாதம் தொடங்கிய திட்டம் அது. கார்காரரை வரவழைக்காமல், ஏற்கெனவே பஸ்ஸில் போகிறவருக்குப் பணம் மிச்சம் செய்து கொடுத்த திட்டம் என்பதால் முக்கியமானது. 2018 கட்டண உயர்வில் குறைந்தபட்சக் கட்டணம் மூன்று ரூபாயிலிருந்து ஐந்து ரூபாயானபோது எத்தனையோ பெண்கள் இரண்டு ஸ்டாப்பிங் நடந்தே போனதை நான் பார்த்திருக்கிறேன். இதை 'ஓசி' என்று 2022இல் ஒரு அமைச்சரே மேடையில் பேசினார். மேம்பாலத்தில் காசு கொடுக்காமல் கார் ஓட்டிப் போகிறவரை யாரும் ஓசி என்று சொல்வதில்லை.

ஆனால் திட்டத்துக்கு எல்லை இருக்கிறது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும்தான் இலவசம். டீலக்ஸிலும் ஏ.சி.யிலும் இல்லை, மெட்ரோவிலும் இல்லை. ஆகவே ஒரு தடத்தில் எத்தனை சாதாரண பஸ் ஓடுகிறது என்பதுதான் உண்மையான உரிமை. பஸ் வராத ஸ்டாப்பில் இலவசம் என்பதற்கு அர்த்தமில்லை.

இன்னொன்று, மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. புகையில்லா பஸ், தாழ்தளம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அவை மொத்த விலை ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. பஸ்ஸும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்துடையவர்கள், நடத்துநர் மட்டும் கழகத்தவர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் வேலையில் பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18 சதவீதமும், பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இடம் உண்டு. நம் தெருக்களில் முதல் நிரந்தரச் சம்பளம் வாங்கிய எத்தனையோ குடும்பங்கள் டிரைவர், கண்டக்டர் குடும்பங்கள். தனியார் ஒப்பந்தத்தில் அந்த இடஒதுக்கீடு இல்லை. பசுமைக்கான மாற்றத்தின் விலையை யாருடைய வேலையிலிருந்து எடுக்கிறோம்? மின்சார பஸ் வேண்டாம் என்பது என் வாதமல்ல. அதை அரசே ஓட்டட்டும், முடியாவிட்டால் ஒப்பந்தத்திலேயே இடஒதுக்கீட்டை எழுதட்டும்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் பெரும்பாக்கம் வழியாக வரப்போகிறது. மகிழ்ச்சி. ஆனால் ஸ்டேஷன் வந்தால் நிலத்தின் விலை ஏறும். நிலத்தின் விலை ஏறிய இடத்தில் நம்மை விட்டுவைத்த வரலாறு குறைவு. ஒதுக்கப்பட்ட வீடுகளுக்கு முழுப் பட்டா உரிமை கேட்க வேண்டிய நேரம் ரயில் வந்த பிறகு அல்ல, இப்போதே.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பகுதியில் உள்ள குடியிருப்பின் பஸ் ஸ்டாப்பில் ஒரு வாரம் காலை ஐந்து முதல் ஏழு வரை நில்லுங்கள். எத்தனை சாதாரண பஸ் வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்தத் தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, ஓடியவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒப்பந்த ஓட்டுநர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த மக்களோடு சேர்ந்து மனுவாகக் கொடுங்கள். அடுத்த கருத்தரங்கில் பேச நமக்கு அந்த நோட்டு போதும்.