கிண்டியில் வளர்ந்த படிப்பும் நான் சொன்ன யோசனையும்



போன ஞாயிறு பொன்னேரியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்றான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். "சார், அண்ணா யுனிவர்சிட்டியில எம்.பி.ஏ. முடிச்சிட்டேன், டெக்னாலஜி மேனேஜ்மென்ட். தொலைநிலைக் கல்விதான்" என்றான்.

அது என்னடா படிப்பு என்று கேட்டேன்.

"எங்க பிரஸ் ஷாப்புக்கு வெளிநாட்டு மெஷின் ஒண்ணு வாங்கினாங்க சார். ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒரு பார்ட் போனா வர ஒன்றரை மாசம். கடைசியில பழைய மெஷின்லதான் ஆர்டரை முடிச்சோம். எதை வாங்கணும், எப்ப வாங்கணும், யாரைப் பழக்கணும், பழசை எப்பக் கழிக்கணும், அதான் சார் பாடம்."

பாயசம் வந்தது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1794-ல் நிலம் அளக்கச் சொல்லிக்கொடுக்கும் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான் கிண்டி பொறியியல் கல்லூரி. அதோடு ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி எல்லாம் சேர்ந்து 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஆனது. எஞ்சினீயர் படிக்கிற இடத்தில் மேனேஜ்மென்ட்டுக்கு என்ன வேலை என்று நானே ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். அங்கே அந்தத் துறை வளர்ந்து, வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே படிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்து ஐ.ஐ.டி.யிலும் 2004-ல் மேலாண்மை தனித் துறையானது. அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் என்று ஆலைகள் பெருகிய ஊரில், மெஷினும் தெரிந்து கணக்கும் தெரிந்த ஆள் வேண்டாமா?

இனிமேல் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. இவன் பத்தாவது முடித்தபோது இவன் அப்பா என் வீட்டுக்கு வந்து கேட்டார். "டிப்ளமோ போதும், சிப்காட்டில் உடனே வேலை" என்றேன். நானும் பட்டயம் வாங்கி வாத்தியாரானவன்தானே, அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை. எம்.பி.ஏ.வுக்கு டிகிரி வேண்டும். ஷிப்டு பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. எழுதினான், ஆறு வருஷம். அப்புறம் லீவு நாளில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் வந்து, பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறி, வகுப்புக்குப் போயிருக்கிறான். பட்டம் கையில் வரும்போது வயது நாற்பத்தொன்று.

"உங்க மேல வருத்தம் இல்ல சார், வேலை கிடைச்சதே" என்றான். எனக்குத்தான் இருக்கிறது.

குரூப்பில் பேரனுக்கு டிப்ளமோவா, பிளஸ் டூவா என்று கேட்டிருந்த தங்கச்சிக்கு: டிப்ளமோவே சேரட்டும்மா. முடித்ததும் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். அதற்கு என்ன மார்க் வேண்டும், எப்போது விண்ணப்பம் என்று சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வை. இவன் நம்பர் என்னிடம் இருக்கிறது, பேசச் சொல்கிறேன்.