சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை வருது. போன வருசமே இதை எழுத நினைச்சோம், வெட்கமா இருந்துச்சு. இந்த வருசம் சொல்லிடுறோம்.

எங்க வீட்டு முன்னால நிற்கிற நீளமான நீலக் காரை உங்களில் பல பேர் பார்த்திருப்பீங்க. 1964 செவர்லே இம்பாலா. நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுற நாடுகளுக்காக வலது பக்க ஸ்டியரிங்கோடு கனடாவில் செய்த வண்டி. 1970களில் தம்போயில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தப்போ அப்பா அங்கே வேலை செய்தார். பழசா வாங்கின இந்த வண்டியை அவரே பிரிச்சுப் பூட்டுவார். நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பக்கத்தில் நின்று இஞ்ச் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தோம். அப்பா போன பிறகு ஞாயித்துக்கிழமைகளில் நாங்களே பார்த்துக்கிறோம்.

போன வருச ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் மெழுகு போட்டு பளபளன்னு தேய்ச்சோம். பிரேக் பெடல் கொஞ்சம் மெத்துன்னு இறங்குறது ரெண்டு பேருக்குமே தெரியும். பூஜை முடியட்டும், பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்.

கோவிலில் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆச்சு. எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு அம்மாவை ஏற்றிக்கிட்டுக் கிளம்பினோம். தாமான் இறக்கத்தில், சிக்னலுக்கு முன்னால, பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. கியரை ஒன்றுக்கு இறக்கி, பார்க்கிங் பிரேக்கை மிதிச்சு, புல்மேட்டில் ஏற்றித்தான் வண்டி நின்னுச்சு. பத்தடி தள்ளி பிள்ளைகள் ரோடு தாண்டிக்கிட்டு இருந்தாங்க.

அம்மா, "சாமி காப்பாத்துச்சு"ன்னு கும்பிட்டாங்க. காப்பாத்தினது உண்மைதான். ஆனா காப்பாத்த வேண்டிய நிலைமைக்குக் கொண்டு போனது நாங்க. தொழிற்சாலையில் தினமும் போர்க்லிப்ட் பிரேக்கைச் சோதிச்சு கையெழுத்துப் போடுறவங்க, வீட்டு வண்டியைக் கவனிக்கலை.

மறுநாள் பிரிச்சுப் பார்த்தோம். பின் இடது வீல் சிலிண்டர் ரப்பர் தேய்ஞ்சு, ஆயில் டிரம்முக்குள்ளேயே கசிஞ்சிருக்கு. வெளியே ஒரு சொட்டு தெரியலை. இந்த வண்டியின் மாஸ்டர் பம்பில் ஒரே அறைதான். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். 1967 மாடலிலிருந்துதான் செவர்லேவில் ரெண்டு அறை வந்தது. நாங்களும் ரெண்டு அறை பம்பா மாத்திட்டோம். நாலு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாமே புதுசு.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு மூன்று விசயம். பிரேக் ஆயில் காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க, ஸ்டாண்ட் வையுங்க. பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காத்தடிச்சு ஊதாம ஈரத்துணியால் துடைங்க.

இந்த வருசம் பூஜைக்கு முந்தின ஞாயிறு காலையில் எங்க வீட்டுக்கு வாங்க. காரோ மோட்டார் சைக்கிளோ, பிரேக்கைப் பார்த்துத் தர்றோம், காசு வேண்டாம். அதுக்கப்புறம் எலுமிச்சம்பழம் வைப்போம்.

ஓம் சக்தி.