வெயில் பக்கத்தைப் பார்

கோண்டாவில்
ஒக்டோபர் 12

அன்புத் தங்கச்சிக்கு,

கூரைப் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனில் கதைக்க வெளிக்கிட்டால் இடையில் பிள்ளைகள் கூப்பிடுவினம், நீ ஓடிவிடுவாய். எழுதினால் மச்சானும் வாசிப்பார். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். அம்மா சுகம். முழங்கால் நோ மட்டும் குறையவில்லை.

கூரையை மாற்றச் சொல்லிக் கதவைத் தட்டி வந்த அந்த ஆளுக்கு இப்போதைக்கு ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே. வைத்துவிட்டாய் என்றாலும் பயப்படாதே. வீட்டு வாசலில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை ஒன்ராறியோச் சட்டப்படி 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். பெரிய காற்று அடித்தால் அடுத்த நாளே உப்பிடி ஆட்கள் தெருத் தெருவாக இறங்குவினம். 2022 மே 21ஆம் திகதிப் புயலுக்குப் பிறகு நீயும் கண்டிருப்பாய். அதிலே உண்மையாய் வேலை தெரிந்தவர்களும் உண்டு. ஏறிப் பார்க்கிறேன் என்று போய், கையாலே ஓரத்தை முறித்துப் படமெடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறவையும் உண்டு. "பனிக்கு முன்னம் மாற்றாவிட்டால் கூரை இறங்கும்" என்று அவர் சொன்னது வெறும் வெருட்டு.

ஆனால் உன்னுடைய கூரை நல்லாய் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்ன காரணமும் பிழை, நீ பயப்படுகிற காரணமும் பிழை. உண்மையான காரணம் நீ அனுப்பின படத்திலேயே இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

நீ பயப்படுவது மேல்மாடிக் குளியலறைச் சீலிங்கில் விழுந்த மண்ணிறக் கறைக்கு. ஒழுக்கு வந்தால் கூரை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் அங்கே கூரை வேலை செய்த காலம் முழுக்கப் பார்த்த ஒழுக்குகளில், கூரையை மூடுகிற தார் அட்டையான ஷிங்கிள்ஸின் நடுவால் தண்ணீர் இறங்கினது மிகக் குறைவு. புகைபோக்கியைச் சுற்றின தகடு, இரண்டு சரிவு சேருகிற பள்ளம், கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கழிவுக்குழாயின் ரப்பர் வளையம், இவைதான் வழமையான குற்றவாளிகள். ஷிங்கிள்ஸுக்கு முன்னமே அந்த ரப்பர் வெயிலில் வெடித்துவிடும். உன் குளியலறைக்கு நேர்மேலேதான் அந்தக் குழாய் போகிறது. வளையத்தை மாற்றுவது அரை நாள் வேலைகூட இல்லை.

இன்னொன்றும் இருக்கலாம். கறை எப்போது பெருத்தது என்று யோசித்துப் பார். காற்றோடு சாய்ந்த மழைக்குப் பிறகா, அல்லது மாசி மாதக் கடுங்குளிர் விட்டு வெயில் எறித்த நாளிலா? இரண்டாவது என்றால் அது மழைத்தண்ணீரே இல்லை. குளியலறை ஃபானின் குழாய் கழன்று, சுடுநீராவி எல்லாம் கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட அற்றிக்குக்குள் போய், பலகையிலும் ஆணி முனையிலும் உறைபனியாய்ப் பிடித்து, பிறகு உருகிச் சொட்டியிருக்கும். புதுக் கூரை போட்டாலும் அந்தச் சொட்டு நிற்காது. மச்சானை டோர்ச்சோடு அற்றிக்குக்குள் ஒருக்கா தலையை விடச் சொல். ஆணி முனைகள் துருப்பிடித்திருக்கின்றனவா, பலகை கறுத்திருக்கிறதா, ஃபான் குழாய் உண்மையில் வெளியே போகிறதா என்று பார்க்கட்டும். கறைக்கு நேர்மேலே ஓட்டையைத் தேட வேண்டாம். தண்ணீர் மரத்தில் ஊர்ந்து வந்து வேறு எங்கேயோதான் சொட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது படம் பின்வளவில் நின்று எடுத்தது. அது தெற்குப் பக்கச் சரிவு, நாள் முழுக்க வெயில் குடிக்கிற பக்கம். அதைப் பெரிதாக்கிப் பார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்புத் திட்டுத் திட்டாய்த் தெரிகிறதா? அது அழுக்கில்லை. ஷிங்கிள்ஸின் மேலே ஒட்டியிருக்கிற சின்னக் கல்மணிகள் உதிர்ந்து, உள்ளே இருக்கிற தார் வெளியே தெரிகிறது. அந்தக் கல்மணிகள் அழகுக்குப் போட்டவை அல்ல. வெயில் நேரே தாரில் படாமல் காப்பதுதான் அவற்றின் வேலை. அவை போனால் தார் காய்ந்து, சுருங்கி, வெடிக்கும். பீலிக்குழாய் வாயில் மணல் மாதிரிக் குவிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது இதுதான். புதுக் கூரையும் முதல் வருஷம் கொஞ்சம் கொட்டும், அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. 2003இல் கட்டின வீட்டில் முதன்முதல் போட்ட ஷிங்கிள்ஸ் இப்போது கொட்டுவது வேறு கதை.

பின்னேரம் வெயில் சாயும்போது வேலிப்பக்கம் நின்று பார்த்தாயானால் இன்னொன்றும் தெரியும். ஓரங்கள் மேலே சுருண்டிருக்கும் இடமெல்லாம் சின்னச் சின்ன நிழல் விழும். அந்தக் காலத்தில் கனடாவில் காகித அடித்தளத்தில் தார் ஊற்றின ஷிங்கிள்ஸ் நிறையப் போட்டார்கள். அது ஈரம் குடித்துச் சுருளும். இப்போது கண்ணாடி இழையில்தான் செய்கிறார்கள். பெட்டியில் 25 வருஷம் என்று போட்டிருந்ததை நம்பி இன்னும் காலம் இருக்கிறது என்று மச்சான் சொல்கிறாராம். அது கொம்பனியின் உத்தரவாதக் கணக்கு, கூரையின் ஆயுள் அல்ல. மூன்று துண்டாய் வெட்டின அந்த ஷிங்கிள்ஸ் 15, 20 வருஷம் தாங்கினாலே பெரிய காரியம்.

முன்பக்கம், அதாவது வடக்குச் சரிவில், மேலிருந்து கீழாய் ஓடுகிற கறுப்புக் கோடுகளைக் கண்டும் நீ பயந்திருக்கிறாய். அது ஒருவகைப் பாசி. பார்க்க வடிவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிரஷர் வோஷ் அடிக்க யாரையும் விடாதே, மிஞ்சியிருக்கிற கல்மணியையும் சேர்த்துக் கழுவிவிடும்.

மாற்றுவதா திருத்துவதா என்பதற்கு வயதையோ கறையையோ நான் கேட்பதில்லை. இந்தக் கூரை இனித் திருத்த இடம் கொடுக்குமா என்றுதான் கேட்பேன். இங்கே போன கிழமை தேங்காய் விழுந்து ஓடு ஒன்று உடைந்தது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஏறி உடைந்ததை உருவி, புது ஓட்டைச் செருகிவிட்டு இறங்கிவிட்டான். ஷிங்கிள்ஸ் அப்படியில்லை. ஒன்றைக் கழற்ற வேணுமென்றால் மேலே இருக்கிற வரிசைகளின் பசையை விடுவித்து, கிளப்பி, ஆணியைப் பிடுங்க வேணும். கிளப்பும்போது வளைந்து கொடுத்தால் திருத்தலாம். படக்கென்று முறிந்தால் ஒன்றை மாற்றப் போய் நாலு போகும், அந்த நாலுக்காக இன்னும் பத்து. உன்னுடைய தெற்குப் பக்கம் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்பது என் எண்ணம். வளையம் மாற்ற வருகிறவரைக் கொண்டு, வெயில் உள்ள மத்தியானம் ஓரிடத்தில் மெல்லக் கிளப்பிப் பார்க்கச் சொல். குளிரில் பார்த்தால் நல்லதும் முறியும்.

ஆகவே இப்போது வளையத்தை மட்டும் மாற்று. கூரை முழுவதையும் வருகிற மே, ஜூனில் மாற்று. ஒரு பக்கம் மட்டும் செய்யலாமா என்று மச்சான் கேட்பார். செய்யலாம், ஆனால் முகட்டை எப்படியும் திறக்கத்தான் வேணும், இன்னும் சில வருஷத்தில் திரும்பவும் ஆட்களைப் பிடிக்க வேணும். நான் என்றால் செய்யமாட்டேன். இப்போதே செய்தால் என்ன என்றால், ஷிங்கிள்ஸின் பசை வெயில் சூட்டில்தான் ஒட்டும். கார்த்திகையில் போட்டது வசந்தம் வரை ஒட்டாமல் கிடந்தால், ஒரு காற்றுப் போதும். காற்று ஷிங்கிள்ஸைக் கிளப்பிப் பலகை தெரிந்தாலோ, பலகை தொய்ந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம்.

விலை கேட்கும்போது பழையதின் மேலே புதிது போடுகிறேன் என்பவரை விட்டுவிடு. முழுக்க உரித்துப் பலகையைப் பார்க்க வேணும், பழுதான பிளைவூட்டுக்குத் தட்டுக்கு எவ்வளவு என்று முன்னமே எழுத்தில் வாங்க வேணும். கீழ் ஓரத்தில் பனிக்கட்டித் தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கிற ஒட்டுத்தாள், சரிவில் குறைந்தது 900 மில்லிமீற்றர், அதோடு வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றர் வரை போக வேணும். பழைய தகட்டைத் திரும்பப் பாவிக்க விடாதே. வேலையாட்களுக்கு வேலையிடக் காப்புறுதிச் சபையின் (டபிள்யூ.எஸ்.ஐ.பி.) சான்றிதழ் இருக்கிறதா என்று கட்டாயம் பார். கூரையிலிருந்து விழுந்தவனை நான் கண்டிருக்கிறேன். மச்சானையும் ஏணி வைத்துக் கூரையில் ஏற விடாதே, படுக்கையறை யன்னலால் எடுக்கிற படமே எனக்குப் போதும்.

அற்றிக்குப் படத்தை இந்தக் கிழமைக்குள் அனுப்பு, ஆணி முனைகள் தெளிவாய்த் தெரிய வேணும். நான் தை முடியத்தான் வருவேன். மிளகாய்த்தூள் எத்தனை கிலோ இடிப்பிக்க வேணும் என்று அம்மா கேட்கச் சொன்னா. போனமுறை மாதிரிக் கடைசி நேரத்தில் சொல்லாதே.

அன்புடன்,
அண்ணா