கடல் இல்லாத ஊர்களின் குட்டிக் கப்பல்... குழந்தைகளோடு ஒரு பூலாம்பட்டி படகுப் பயணம்!

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடல் கிடையாது. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகள் தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருகின்றன. இங்குள்ள கோழிப்பண்ணை முட்டைகள்கூடக் கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குப் போய்விடுகின்றன. ஆனால், இந்த ஊர்க் குழந்தைகளுக்கு மட்டும் கப்பல் என்பது டிவியிலும் செல்போனிலும் பார்ப்பதுதான். கோடை விடுமுறை வந்தால் போதும், "கப்பல்ல எப்பப்பா கூட்டிட்டுப் போவ?" என்ற கேள்வி பல வீடுகளில் எழும்.

இந்தக் கேள்வி அதிகமானதற்கு ஒரு காரணமும் உண்டு. 2022 ஜூன் 4-ம் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 11 தளங்கள், நீச்சல் குளம், கலை அரங்கம் என்று ஒரு சிறு நகரமே மிதப்பது போன்ற கப்பல் அது. அதன் வீடியோக்கள் வந்த பிறகு, கப்பல் பயணம் நடுத்தரக் குடும்பங்களின் ஆசைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், கூடவே தாத்தா பாட்டி என்று கணக்குப் போட்டால் டிக்கெட் செலவு மலைக்கவைக்கும். லீவும் கிடைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கும் குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பும் இடம்தான் பூலாம்பட்டி.

ஏரி போல நிற்கும் காவிரி

சேலம் மாவட்டம், எடப்பாடிக்கு அருகே காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பேரூர் பூலாம்பட்டி. சேலத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி வழியாக வந்தால் சுமார் இரண்டு மணி நேரம். எதிர்க்கரையில் தெரியும் நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டம். இரண்டு ஊருக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. கால் மணி நேரத்துக்குள் மாவட்டம் மாறிவிடலாம்!

கரை நெடுக தென்னை, வாழை, நெல் வயல். மேற்கே பாலமலைத் தொடர். நடுவில் அலையில்லாமல் விரிந்து கிடக்கும் தண்ணீர். இந்தக் காட்சிக்காகவே ஊருக்குக் 'குட்டி கேரளா' என்று செல்லப் பெயர் வந்துவிட்டது. சினிமா படப்பிடிப்புகளும் இங்கே அடிக்கடி நடப்பதுண்டு. மாலையில் பாலமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, படகுத்துறையில் செல்போனைத் தூக்காத கை இருக்காது.

ஓடுகிற ஆறு இங்கே மட்டும் ஏன் ஏரி போல நிற்கிறது? குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். பதில், மேட்டூரிலிருந்து தொடங்குகிறது. 1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அங்கிருந்து வெளியேறும் தண்ணீரை மறுபடியும் பயன்படுத்தி மின்சாரம் எடுப்பதற்காக, செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கு இடங்களில் ஆற்றின் குறுக்கே கதவணைகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட் திறன் கொண்டது. கதவணை தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதால் ஆறு அகன்று, ஆழம் கூடி, படகு ஓடத் தோதாக நிற்கிறது. ஒரே தண்ணீர் ஐந்து இடங்களில் வெளிச்சம் தந்துவிட்டு, பிறகு தஞ்சாவூர் வயலுக்குப் போகிறது என்று சொன்னால், பாடப் புத்தகத்தில் படித்த நீர்மின்சாரம் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே புரிந்துவிடும்.

பஸ்ஸும் இதுதான், கப்பலும் இதுதான்

பூலாம்பட்டி படகின் தனிச்சிறப்பு, அது சுற்றுலாவுக்காக மட்டும் ஓடுவதில்லை என்பது. எதிர்க்கரைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், பள்ளி, கல்லூரி மாணவர்கள், சந்தைக்குச் செல்லும் வியாபாரிகள் எல்லோருக்கும் இதுதான் அன்றாட பஸ். டூவீலரைக்கூடப் படகிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கட்டணமும் கையைக் கடிக்காது.

அதனால், படகுக்குள் இரண்டு விதமான முகங்கள் இருக்கும். ஒரு பக்கம், தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயரும் அம்மா. இன்னொரு பக்கம், நீர்க்காகம் முங்கி எழுவதைப் பார்த்துக் கைதட்டும் குழந்தைகள். "தினமும் இதுல போறீங்களா ஆன்ட்டி? ஜாலியா இருக்கும்ல?" என்று டவுன் பிள்ளைகள் கேட்டால், அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? மழையிலும் வெயிலிலும் படகுக்குக் காத்து நிற்கிறவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும்.

மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கொளத்தூர் அருகே கோட்டையூருக்கும், எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து ஒட்டனூருக்கும் இடையே பாலம் வேண்டும் என்பது அந்தப் பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. ஊர் சுற்ற வருகிறவர்களுக்குப் படகு குதூகலம். உள்ளூர்க்காரர்களுக்கு அது வேறு வழியில்லாத வழி. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, படகைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

'ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?'

ரயிலில்கூட இப்போது எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் படகில் அது நடப்பதில்லை. இன்ஜின் சத்தத்தை மீறி, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், ஓமலூர் என்று பதில்கள் வரும். ஒரு கரையில் ஏறும்போது அந்நியர்களாக இருந்தவர்கள், மறு கரையில் ஒரே மரத்தடியில் டிபன் கேரியரைத் திறக்கிறார்கள். அங்கே சேலத்துத் தட்டுவடை செட்டுக்கும் நாமக்கல் முட்டைப் பொரியலுக்கும் பண்டமாற்று நடக்கும்.

இவர்களில் 'காவிரிப் பைத்தியம்' என்று வீட்டில் பெயர் வாங்கியவர்களைத் தனியாகவே அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர்களுக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். எந்த வருஷம் அணை நிரம்பியது, எந்த வருஷம் தண்ணீர் வற்றிப் பண்ணவாடி பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிந்தன என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊர்களின் மிச்சம் அவை. 'தண்ணிக்கு அடியில ஒரு ஊரா?' என்று வாயைப் பிளக்கும் குழந்தைகளுக்கு, எந்த கார்ட்டூனும் தராத கதை அது.

ஆடிப்பெருக்கு, தீபாவளி விடுமுறை, காணும் பொங்கல் என்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் குடும்பங்களும் உண்டு. போன வருஷம் அம்மா மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை இந்த வருஷம் தனி இருக்கை கேட்கும். படகில் பழகிய இரண்டு குடும்பங்கள் அடுத்த முறை பேசிவைத்துக்கொண்டு ஒன்றாக வருவதும் நடக்கிறது.

ஏறும் முன் ஒரு டிரில்

இவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவே மறக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தப் பெரிய சொகுசுக் கப்பலிலும், ஆட்டம் பாட்டத்துக்கு முன்னால் நடப்பது பாதுகாப்பு ஒத்திகை. லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது, ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். 2012 ஜனவரியில் இத்தாலி அருகே 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்கு அப்போது ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது.

ஆற்றுப் படகில் அப்படி ஒத்திகை நடத்த யாரும் வரமாட்டார்கள். அந்த வேலையைப் பெற்றோரே எடுத்துக்கொள்ள வேண்டும். 'பத்து நிமிஷப் பயணம்தானே' என்ற நினைப்புதான் ஆபத்து.

2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். இரண்டுமே, குடும்பம் குடும்பமாக சந்தோஷமாகக் கிளம்பிய பயணங்கள்.

அதனால், துறையில் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையே ஒரு விளையாட்டாக்கிவிடலாம். 'இப்போ நாம கப்பல் கேப்டன்கிட்ட டெஸ்ட் எழுதப் போறோம்' என்று சொன்னால் குழந்தைகள் ஆர்வமாக வருவார்கள்.

முதல் டெஸ்ட், லைஃப் ஜாக்கெட். கேட்டு வாங்கி, எல்லா பெல்ட்டையும் இறுக்கிப் போட வேண்டும். பெரியவர்கள் அளவு ஜாக்கெட் குழந்தைக்குத் தலை வழியாகக் கழன்றுவிடும். தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகத்துக்கு மேலே ஏறினால் அது சரியான அளவல்ல.

இரண்டாவது, உட்காரும் இடம். படகு நகரும்போது எழுந்து நிற்பதோ, ஓரத்தில் சாய்ந்து கையைத் தண்ணீரில் விடுவதோ கூடாது. ஒரு பக்கம் பறவை தெரிகிறது என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. படகு நிரம்பிவிட்டது என்று தோன்றினால் அடுத்த நடைக்குக் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். செல்ஃபியைக் கரையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, குளியல். தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும், அடியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மேட்டூரில் திறப்பு அதிகரித்தால் நீரோட்டமும் மாறிவிடும். நீச்சல் தெரிந்த அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

எப்போது போகலாம்?

டெல்டா பாசனத்துக்காக மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் திறக்கப்படும். கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூரும் நிரம்பி உபரிநீர் திறக்கும் நாள்களில் பூலாம்பட்டி - நெரிஞ்சிப்பேட்டை படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். கதவணையில் பராமரிப்புப் பணி நடக்கும்போதும், தேக்கிய தண்ணீர் வெளியேற்றப்படுவதால் படகு ஓடாது. எனவே, கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. நிறுத்தியிருந்தால் படகுக்காரரிடம் மல்லுக்கு நிற்காமல், கரையில் பொரித்துத் தரும் மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

படகு ஆசை தீராதவர்களுக்கு இந்தப் பக்கத்தில் வேறு இடங்களும் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு ஏரியின் படகு இல்லம். 70 வளைவுகள் ஏறத் தெம்பிருந்தால் கொல்லிமலை வாசலூர்பட்டி படகு இல்லம். அங்கெல்லாம் படகு, ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். பூலாம்பட்டியில்தான் ஒரு ஊரில் ஏறி இன்னொரு ஊரில் இறங்குகிற நிஜப் பயணம். குழந்தைகளுக்குக் 'கப்பலில் போன' திருப்தி தருவதும் அதுதான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திரும்பும் படகில் கூட்டம் நெருக்கும். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களும் அதே படகுக்குத்தான் காத்திருப்பார்கள். தூக்குச்சட்டியும் சைக்கிளுமாக நிற்கும் அவர்களை முதலில் ஏறவிட்டு, அடுத்த நடையில் போனால் சுற்றுலா வந்தவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இன்னும் கொஞ்ச நேரம் காவிரிக் கரையில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்!