ஃபியூஸ் போடத் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்?

“பொம்பளப் புள்ள கையில டெஸ்டர் எதுக்குடி?” – இது எங்க அப்பாயி. இப்ப அதே அப்பாயி, தெருவில் யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும், “எம் பேத்தியக் கூப்புடு”ன்னு பெருமை அடிச்சுக்குது. நடுவுல நடந்ததைச் சொல்றேன்.

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரை கடந்த ராத்திரி, காரைக்காலில் நாங்க கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விடிய விடிய முழிச்சிருந்தோம். அப்ப நான் ஒன்பதாவது. அப்பா சிங்கப்பூரில். வீட்டில் அம்மா, அப்பாயி, நான்.

ஒரு வழியா தெருவுக்குக் கரண்ட் வந்தப்ப எங்க வீடு மட்டும் இருட்டு. ஃபியூஸ் அவுட்! ஊர் முழுக்க வேலை கிடந்ததால எலெக்ட்ரீஷியன் யாரும் சிக்கலை. தெரிஞ்சவர் ஒருத்தர், பழைய ஒயரை உரிச்சு நாலஞ்சு தாமிர இழையை முறுக்கிச் சொருகினார். லைட் எரிஞ்சது. கை தட்டினோம்.

பத்து நாள் கழிச்சு, சட்னி அரைக்க அப்பாயி மிக்ஸியைப் போட, ‘படார்’! சுவத்துல இருந்த பிளக் பாயின்ட் உருகிப் புகை கிளம்புது. மெயினை ஆஃப் பண்ணணும்னு தோணுச்சு. ஆனா மெயின் எங்கே இருக்குன்னு மூணு பேருக்கும் தெரியலை. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து அணைச்சார். அவர் எலெக்ட்ரீஷியன். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார்.

“ஃபியூஸ் கம்பி உருகறதுக்குன்னே இருக்கு தங்கச்சி. அது உருகலைன்னா சுவத்துக்குள்ள ஒயர் உருகும்.”

அன்னிக்கு நடுங்கின அப்பாயியோட கை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அடுத்த லீவுல அந்த அண்ணனுக்கே சிஷ்யை ஆயிட்டேன்.

முதல் பாடம்: மெயினை அணை, காலில் காய்ந்த செருப்பு போடு. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வெச்சு, அது எரியுதான்னு பாரு. டெஸ்டரே செத்துப்போயிருந்தா? லைட், ஃபேன் லைனுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி போதும். மீட்டருக்கும் கம்பத்துக்கும் நடுவில் மட்டும் கை வைக்கவே கூடாது. அது மின்துறை வேலை. அப்புறம் அப்பாகிட்ட அடம்பிடிச்சு ஆர்.சி.சி.பி. மாட்டவெச்சேன். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே பட்டுனு லைனை வெட்டிடும்.

அடுத்து குழாய். கேட் வால்வை மூடாமலே ஸ்பேனரைப் போட்டுத் திருகி, பாத்ரூமிலேயே அருவிக் குளியல் போட்டது நான்தான்! சிரிக்காதீங்க. தேய்ஞ்ச ரப்பர் வாஷரை மாத்தினா சொட்டு நின்னுடும். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையில் சுத்தணும். நான் எதிர்ப்பக்கம் சுத்தி மூணு தடவை பிரிச்சு மாட்டினேன்.

எங்க ஊர் கடற்கரை ஊர். உப்புக் காத்து ஜன்னல் கம்பியை அரிச்சுத் தின்னும். எமரித்தாளால துருவைத் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, அது காய்ஞ்ச பிறகுதான் பெயின்ட். துரு மேலேயே பெயின்ட் அடிச்சு அழகு பார்த்தேன். அடுத்த மழையிலேயே அப்பளமா உரிஞ்சு வந்துடுச்சு!

இப்ப நான் காலேஜ். ஹாஸ்டலில் ஒரு நாள் ரூம் இருட்டானப்ப எல்லாரும் செல்போன் டார்ச்சைத் தேடினாங்க. நான் மெயின் போர்டைத் தேடினேன்.

அன்னிக்கு ராத்திரி போனில் அம்மா சொன்னாங்க: “இப்பல்லாம் புயல்னு நியூஸ்ல சொன்னா பயமாத்தான் இருக்கு. ஆனா முன்ன மாதிரி இல்லடி.”

ஃப்ரெண்ட்ஸ், பெரிசா ஒண்ணும் வேணாம். இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்குன்னு மட்டும் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சு, வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்க. முக்கியமா அப்பாயிக்கு!